மெதுவாகத்தான் இறக்கினார்கள்

லாரி காலையிலேயே வந்து, பின்பக்கத்தைக் கிடங்கு மேடையோடு ஒட்டி நிறுத்திவிட்டது. லாரி டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்க் குடித்துவிட்டு வந்தார். உள்ளே பெட்டி இன்னும் மூடின பாடில்லை.

டேப் அக்கா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரின் அடிப்பாகத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப்பைக் கத்தரிக்கோல் தேடாமல் பல்லாலேயே கடித்து அறுப்பாள் என்பதால் கிடங்கில் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் யார் வாயிலாவது வரும்.

ஸ்பீக்கர் என்றால் கல்யாண மண்டபத்தில் அலறுகிற சாமான் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கை உயரம். கறுப்பு மரத்தில் மெருகு ஏற்றி ஏற்றி, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது. வெறுங்கையால் தொட்டால் ரேகை விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்திருந்தார்கள். நான்கு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். ஆனால் முன்பக்கத்துக் காகிதக் கூம்பில் ஒரு விரல் பட்டால் போச்சு. இதில் ஒரு ஜோடி, கடல் தாண்டி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது. ஒன்று நேற்றே வேறொரு லாரியில் போய்விட்டது. இது அதனுடைய ஜோடி.

"அக்கா, இதைப் பாரு," என்றான் பீமன். பெட்டிப் பலகையில் குத்தியிருந்த முத்திரையைக் காட்டினான். "பூச்சி ஏறாம சூடு காட்டின மரமாம். உள்ள ஈரம் வராம பொட்டலம். சுத்திப் பஞ்சு. எங்கம்மா வயித்துல கூட நான் இவ்வளவு வசதியா இருந்ததில்ல."

பீமன் என்ற பெயரும் கிடங்கில் வைத்ததுதான். ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். சாமான் ஏற்றி இறக்குவது அவன் வேலை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவன் தலையில் விழுந்திருந்தது. டேப் அக்காவுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கும் நடுவில் அவன்தான் தபால்காரன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். இந்த வேலைக்கு அவனைச் சொல்லிச் சேர்த்துவிட்டதே அவள்தான். அப்போது நன்றாகத்தான் இருந்தார்கள். மாமியார் போன பிறகு வீட்டைப் பிரித்தார்கள். கீழே அண்ணன், மேலே தம்பி. தண்ணீர்த் தொட்டி மேலே இருந்தது. மோட்டார் கரண்டு செலவில் ஆரம்பித்த பேச்சு, செத்துப்போனவளைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்தது என்பது வரை போய், ஒருநாள் கொழுந்தன் கீழே வரும் குழாயை மூடி அதற்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டான். அன்றிலிருந்து டேப் அக்கா தெருக் குழாயில் குடம் பிடிக்கிறாள். அன்றிலிருந்து இருவருக்கும் முகப் பேச்சு கிடையாது.

"பீமா, அந்த ஆளை வண்டியைக் கொண்டாரச் சொல்லு. மூடியாச்சு."

"தம்பி, வண்டியைக் கொண்டாருவியாம்."

"கேட்டுச்சு. அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"அக்கா, தள்ளி நிப்பியாம். ஏன்யா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நடுவுல என் தொண்டைத் தண்ணி ஏன் வத்தணும்?"

யாரும் சிரிக்கவில்லை. பீமனே சிரித்துக்கொண்டான்.

டேப் அக்கா கடைசி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் சாய்வு ஸ்டிக்கரை ஒட்டினாள். உள்ளங்கை அளவுச் சமாச்சாரம். நடுவில் ஒரு வெள்ளைக் குமிழ். பெட்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் குமிழ் சிவந்துவிடும். ஒருமுறை சிவந்தால் சிவந்ததுதான், திரும்ப வெள்ளையாகாது. கடலுக்கு அந்தப் பக்கம் பெட்டியை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சூப்பர்வைசர் மேடைக்கு வந்தார். கையிலிருந்த போன் காதை விட்டு இறங்கவில்லை. துறைமுகத்தில் சாயங்காலத்தோடு கதவை மூடிவிடுவார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த கப்பலுக்கு எத்தனை வாரம் ஆகும் என்று தெரியாது.

"என்ன இன்னும் தாலாட்டிக்கிட்டு இருக்கீங்க? ஏத்துங்க."

"சார், பெல்ட் போட்டுக் கட்டிடறேன்," என்றான் கொழுந்தன். இத்தனை உயரப் பெட்டியை ஃபோர்க்லிஃப்ட்டின் நிமிர்ந்த சட்டத்தோடு பெல்ட்டால் சேர்த்துக் கட்டித்தான் எடுத்துப் போக வேண்டும்.

"பத்தடி போறதுக்குப் பெல்ட்டா? நீ கட்டி, உள்ள போய் அவுத்து... அதுக்குள்ள கப்பல் பாதிக் கடல் போயிடும். எடு."

"தகடும் ஆடுது சார்," என்றாள் டேப் அக்கா. மேடைக்கும் லாரிக்கும் நடுவில் பாலம் போல விரிக்கிற இரும்புத் தகடு. அதன் ஒரு பக்கக் கீல் உடைந்து போய், சக்கரம் ஏறும்போதெல்லாம் துள்ளியது. மழைக்கு முன்னாடியே அவள் சொல்லியிருந்தாள்.

"மாத்தச் சொல்லியிருக்கேன்மா. இன்னிக்கு அதைப் பேச நேரமில்ல. எடுப்பா."

கொழுந்தன் வண்டியில் ஏறினான். பீமன் முன்னால் ஓடி லாரிக்குள் நுழைந்து, சுவரோரமாக நின்றுகொண்டு கையைக் காட்டினான். வா, வா, கொஞ்சம் இடது, வா. முன் சக்கரம் தகட்டில் ஏறி இறங்கியபோது தகடு ஒருமுறை துள்ளியது. பின் சக்கரம் ஏறியபோது அப்படியே ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

பெட்டி ஃபோர்க்கின் மேல் மெல்லத் தலையைச் சாய்த்தது. அவசரமே இல்லாமல்தான் சாய்ந்தது. பீமன் விலகியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக எது சாய்ந்தாலும் பிடி, பிடி என்றே பழகின கை. தானாக நீண்டது. பெட்டியின் மேல் விளிம்பு அவன் இடது கையை லாரிச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

முதலில் அவன் கத்தவில்லை. "கை," என்று மட்டும் சொன்னான், யாரிடமோ எதையோ எடுத்துத் தரச் சொல்வது போல. பிறகுதான் கத்தினான்.

"பின்னாடி எடு," என்றாள் டேப் அக்கா. பீமனைக் கூப்பிட்டு அவன் மூலமாகச் சொல்ல நேரமில்லை. "டேய், பின்னாடி எடுடா வண்டியை."

பின்னால் எடுத்தால் பெட்டி தகட்டின் மேல் விழும். பீமன் ஓரத்தில் நின்றதால் அவன் மேல் விழாது. கை வெளியே வந்துவிடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கொழுந்தனின் கை கியரில் இருந்தது.

"எடுக்காத," என்றார் சூப்பர்வைசர். "எடுத்தா பெட்டி விழுந்துடும். அப்படியே நிறுத்து. அசைக்காத."

கொழுந்தன் அவரைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். கை கியரிலேயே இருந்தது.

"சார், அவன் கை உள்ள இருக்கு."

"தெரியுதும்மா. எனக்குக் கண்ணு இல்லையா? பக்கத்து மேடைல இருந்து ஆளுங்களக் கூட்டிட்டு வா. பஞ்சு மெத்தை கொண்டா, கட்டை கொண்டா. மெதுவா நிமித்தி எடுத்துடலாம். பீமா, பொறுத்துக்க. ஒரு நிமிஷம்."

பக்கத்து மேடைக்காரர்கள் ஒரு கன்டெய்னரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வந்தார்கள். கட்டை தேடினார்கள். ஒருவன் கொண்டுவந்த கட்டை பருமன் போதவில்லை; வேறு கொண்டுவரப் போனான். பஞ்சு மெத்தையை மடித்து அடியில் வைத்தார்கள். பெட்டிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். "மெதுவா, மெதுவா, அதிராம," என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருந்தார். டேப் அக்கா பீமனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கத்துவதை விட்டுவிட்டான். அவன் போட்டிருந்த வெள்ளைக் கையுறை மணிக்கட்டுப் பக்கம் வரை நிறம் மாறிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் பெட்டி நிமிர்ந்தது. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல அதைச் சாயாமல் குலுங்காமல் தரையில் வைத்தார்கள். பீமன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். டேப் அக்கா தன் துப்பட்டாவை அவிழ்த்துக் கையைச் சுற்றினாள்.

சூப்பர்வைசர் பெட்டியைச் சுற்றி வந்து குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். குமிழ் சிவந்திருந்தது.

"போச்சு," என்றார். அதற்கப்புறம்தான் டாக்ஸிக்கு போன் போட்டார்.

*

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் டேப் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது பீமன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூக்கமில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

"உக்காருங்கன்னு சொல்ல நாற்காலி இல்ல," என்றாள்.

"இருக்கட்டும்மா. எப்படி இருக்கான்?"

"எப்படி இருப்பாரு? கொஞ்சம் முந்தி எடுத்திருந்தா ரெண்டு விரலாவது மிஞ்சியிருக்கும்னாரு டாக்டர். ஏன் அவ்வளவு நேரம் ஆச்சுன்னு என்னைக் கேக்கறாரு. நானா அங்க இருந்தேன்?"

பீமன் மனைவி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"நீங்க இருந்தீங்க இல்ல? உங்க கொழுந்தன் இருந்தாரு இல்ல? நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கறதும், நடுவுல இவரு போய் ரெண்டு பேருக்கும் சொல்றதும், வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. உங்க வீட்டுச் சண்டைல என் புருஷன் கை போச்சு."

"அப்படி இல்லம்மா. பெல்ட் போடவிடல. தகடு உடைஞ்சிருந்துச்சு. பெட்டி விழக்கூடாதுன்னு சூப்பர்வைசர் வண்டியை எடுக்கவிடல."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? கிடங்குக் கம்பெனிக்காரன் வந்து, இவரே கையை விட்டாராம், இவரு தப்பாம், வைத்தியம் இவரே பாத்துக்கணுமாம்னு சொல்லிட்டுப் போறான். அவன்கிட்ட சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா இங்க வராதீங்க."

பீமனின் முதுகு அசையவில்லை. டேப் அக்கா கொண்டுபோன பழத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். வெளியே வரும்போது, ஏதோ திருடிக்கொண்டு போகிறவளைப் பார்ப்பது போல ஆயா ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் புருஷன் கை கழுவிக்கொண்டிருந்தார். முன் அறையில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் டீ டம்ளர் இருந்தது. வீட்டைப் பிரித்த பிறகு அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"பூட்டை எடுத்துட்டான்," என்றார் புருஷன். "என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன்."

கொழுந்தன் எழுந்து நின்றான். "அண்ணி," என்றான்.

"உக்காரு."

"இன்சூரன்ஸ்ல இருந்து விசாரிக்க வராங்களாம் அண்ணி. ஸ்பீக்கர் கம்பெனியிலிருந்தும் ஆள் வராராம். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. பீமண்ணனை உள்ள நிக்க வேண்டாம்னு சொல்லியும் கேக்காம நின்னாரு, அவரா கையை நீட்டினாருன்னு சொன்னா, அதோட முடிஞ்சுதாம். இல்லன்னா டிரைவர் தப்புன்னு எழுத வேண்டியிருக்கும்ங்கறாரு. அப்படி எழுதிட்டா லைசென்ஸ் போச்சு. எந்தக் கிடங்குலயும் என்னைக் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"நீ என்ன சொல்லப் போற?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"அவன் என்ன சொல்லணுமோ சொல்லட்டும்," என்றார் புருஷன். "நீ எதுவும் சொல்ல வேண்டாம். பாக்கலன்னு சொல்லு. பெட்டிக்குப் பின்னாடி நின்னேன், தெரியலன்னு சொல்லு."

"நான் அவன் தோளைப் புடிச்சுக்கிட்டு நின்னேங்க."

"அதுக்கு? இவன் குடும்பம் தெருவுல நிக்கணுமா? பேசாம இருந்த வரைக்கும் பேசாம இருந்தோம். இப்ப பேசறான். அதைக் கெடுக்காத."

கொழுந்தன் தலையைத் தூக்காமலே சொன்னான். "கியர்ல கை வச்சிருந்தேன் அண்ணி. நீங்க சொன்னதும் எடுக்கத்தான் போனேன். அவரு எடுக்காதன்னாரு. அந்தக் குரலுக்குக் கை நின்னுபோச்சு."

"தெரியும்," என்றாள். "பாத்தேன்."

குழாயை மூட எல்லோரும் மறந்துவிட்டார்கள். குடம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுத்தான் அவள் எழுந்து போனாள்.

*

இன்சூரன்ஸ்காரர் வெயிலில் வந்த முகத்தோடு இருந்தார். கோபக்காரர் இல்லை, எல்லோரிடமும் ஒரே குரலில் பேசினார். கிடங்கின் நடுவில் ஒரு மேசையைப் போட்டு, போனில் பேச்சைப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் கம்பெனிக்காரர் தூரத்தில், பெட்டியின் அருகே நின்று அதன் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.

கொழுந்தன் முதலில் போனான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவளைப் பார்க்காமல் ஃபோர்க்லிஃப்ட் பக்கம் போய், துடைக்க ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தான். பக்கத்து மேடைக்காரர்கள் போனார்கள். நாங்க வந்தப்பவே பெட்டி சாஞ்சுதான் இருந்துச்சு சார், என்று ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொன்னார்கள்.

டேப் அக்கா போய் நின்றாள். உட்காரச் சொன்னார்கள். நின்றே சொன்னாள். பெல்ட் போட நேரம் கொடுக்காதது, தகட்டின் கீல் உடைந்தது, அதை முன்பே சொன்னது, பீமன் கை மாட்டினது, வண்டியைப் பின்னால் எடுக்க விடாதது. ஒன்று விடாமல் சொன்னாள். சூப்பர்வைசர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

இன்சூரன்ஸ்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. அந்த ஆளுக்கு அடிபட்டது கம்பெனி பாத்துக்கற விஷயம். நாங்க சரக்குக்குத்தான் இன்சூரன்ஸ். நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. பெட்டி எந்தப் பக்கம் சாஞ்சுது?"

"லாரிச் சுவர்ப் பக்கம்."

"கீழ விழுந்துச்சா?"

"விழல. அவன் கை மேல நின்னுச்சு."

"அதாவது, விழல. சாஞ்ச நிலைல எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?"

"ரொம்ப நேரம் சார். ஆள் வந்து, கட்டை தேடி, மெத்தை வச்சு, அதுக்கப்புறம் நிமித்தி, மெதுவா இறக்கினாங்க. அவன் கை உள்ள இருக்கறப்பவே. அதைத்தான் சொல்றேன்."

"மெதுவாத்தான் இறக்கினாங்க?"

"ஆமா."

"அதிர்ச்சி எதுவும் படல?"

அவள் அவரையே பார்த்தாள்.

"பெட்டிக்கும்மா. பெட்டிக்கு அதிர்ச்சி எதுவும் படலயே?"

"பெட்டிக்குப் படல," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "சரியா கையாண்டிருக்கீங்க. வழக்கமா பதறிப் போய்ப் போட்டுடுவாங்க," என்றார். சூப்பர்வைசர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அவர் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை. இவளுக்கு என்ன செய்வது என்று முடிவு பண்ணி முடித்துவிட்ட பார்வை.

"நீ போய்ப் பெட்டியைப் பிரி," என்றார். "இன்னிக்கு அதை மட்டும் முடிச்சுட்டு ஆபீசுக்கு வந்து என்னைப் பாரு."

அவளே இறுக்கிய ஸ்க்ரூவை அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பலகை விலகியது. பஞ்சு விலகியது. பிளாஸ்டிக் தாளைக் கம்பெனிக்காரரே உரித்தார். கறுப்பு மரம் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் ஒரு சின்ன டார்ச் விளக்கைப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை, பின்னால், ஓரத்தில், கூம்புக்குள் எல்லாம் பார்த்தார். பார்த்து முடித்து நிமிர்ந்து, நெடுநேரம் அடக்கியிருந்த பெருமூச்சை விட்டார்.

"ஒரு கீறல் இல்ல. பாட வச்சுப் பாத்துடலாம்."

அவர் கொண்டுவந்திருந்த ஆம்ப்ளிஃபயரை மேசையில் வைத்து வயரை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. பீமனின் மனைவி. வாட்ச்மேன் மறித்தும் கேளாமல் முற்றத்தைத் தாண்டி ஷட்டர் வரைக்கும் வந்துவிட்டாள். கையில் ஆஸ்பத்திரிப் பை. "பெரியவர் யாரு? இங்க யாரு பெரியவர்? ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கடையில் கெட்ட சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் போலத்தான் நின்றாள். வாட்ச்மேன் அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

டேப் அக்கா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள்.

"வெளிச் சத்தம் கொஞ்சம் குறைஞ்சா நல்லாருக்கும்," என்றார் கம்பெனிக்காரர், யாரையும் குறிப்பிடாமல். "மெல்லிசான இடமெல்லாம் கேக்கணும்."

சூப்பர்வைசர் கொழுந்தனைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். கொழுந்தன் துணியைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து, அண்ணியைத் தாண்டிப் போய், ஷட்டரின் சங்கிலியைப் பிடித்தான்.

"தம்பி, விடு," என்றாள் அவள்.

அவன் திரும்பவில்லை. சங்கிலியை இழுத்தான். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. முதலில் பீமன் மனைவியின் முகம் மறைந்தது. பிறகு கை. பிறகு ஆஸ்பத்திரிப் பை. கடைசியில் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் மட்டும் தெரிந்து, வெளிச்சம் ஒரு கோடாகி, அதுவும் போயிற்று.

கிடங்கு இருட்டாகி, அமைதியாயிற்று. கம்பெனிக்காரர் பொத்தானை அழுத்தினார்.

ஒரு பெண் பாட ஆரம்பிக்கும் முன் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு கிடங்கின் நடுவில், கை நீட்டினால் தொடலாம் போலக் கேட்டது. சுமை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலமாக அனுப்பிய சாமான் என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் கேட்டார்கள். அவள் பாடினாள். குரல் உயர்ந்து, கூரைத் தகரத்தைத் தொட்டு, எல்லா மூலையிலும் நிறைந்தது. கம்பெனிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அற்புதம்," என்றார். "எதுவும் ஆகல."

டேப் அக்கா ஷட்டரின் முன்னால் நின்றிருந்தாள். பாட்டைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. ஆனால் அவள் இடுப்பு உயரத்தில், ஷட்டர் தகட்டில், யாரோ வெளியிலிருந்து உள்ளங்கையால் அடிப்பது போல, ஒரே ஓர் இடம் மட்டும் திரும்பத் திரும்ப அதிர்ந்துகொண்டிருந்தது.